ஏற்காட்டுக் கட்டுரைகளில் செய்யுள் மேற்கோள்: ஒரு வகைப்பாடு

கட்டுரையாசிரியர் தம் கருத்துக்குச் சான்றாகப் பிறர் செய்யுளை எடுத்தாள்வது மேற்கோள். சேர்வராயன் மலை பற்றிய கட்டுரைகளில், ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் முன்பே அது வந்துவிடும். மலை என்றால் குறிஞ்சி. குறிஞ்சி என்றால் கபிலர். இம்மேற்கோள்கள் நால்வகைப்படும்.

முதலாவது, முகப்பு மேற்கோள். தலைப்புக்குக் கீழே சாய்வெழுத்தில் நிற்கும். கட்டுரையோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாது.

இரண்டாவது, இரவல் மேற்கோள். கொல்லிமலையும் அதன் தலைவன் வல்வில் ஓரியும் சங்கப் பாடல்களில் இடம்பெற்றவர்கள். சேர்வராயனுக்கு அந்தப் பேறு இல்லை. எனவே கொல்லிக்குரிய அடிகள் ‘இப்பகுதி மலைகள்’ என்ற ஒற்றைத் தொடரின் பலத்தில் ஏற்காட்டுக்கு இடமாற்றம் பெறுகின்றன.

மூன்றாவது, காலம் பிறழ்ந்த மேற்கோள். காப்பிப் பூவின் மணத்துக்குக் குறிஞ்சிப்பாட்டைச் சான்று காட்டுவது இவ்வகை. கபிலர் அதில் அடுக்கும் 99 பூக்களில் காப்பிப் பூ இல்லை. இம்மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். மிளகுக்கொடிக்குச் சங்கச் சான்று தாராளமாக உண்டு. ஆனால் இங்கே அது படரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். ஆகவே மேற்கோள் கொடியோடு நின்றுவிட வேண்டும். மரம் ஏறக் கூடாது.

நான்காவது, பொருள் பிறழ்ந்த மேற்கோள். தோட்டச் சரிவில் மழைநீர் சிவந்து ஓடக் கண்டதும் செம்புலப்பெயனீராரின் குறுந்தொகைப் பாடல் வந்து விழும். முன்பின் அறியாத இருவர் நெஞ்சம் கலந்ததைச் சொல்லும் ஐந்தடிப் பாடல் அது. கட்டுரையிலோ அது மண்ணரிப்புக்குச் சாட்சி.

இனி, எடுத்தாளும் முறை. ஓரடியோ ஈரடியோ எனில் வாக்கியத்துக்குள்ளேயே மேற்கோள்குறியிட்டு, அடி முடியுமிடத்தில் சாய்கோடு இடலாம். அதற்கு மேற்பட்டால் தனிப்பத்தியாக உள்தள்ளி, மூலத்தின் அடிப்பிரிப்பு மாறாமல் தர வேண்டும். அங்கே மேற்கோள்குறி வேண்டாம். விட்ட சொற்களுக்கு மூன்று புள்ளி. இறுதியில் நூல், பாடல் எண், அடி எண்: குறுந். 40:4. திருக்குறள் உரையாசிரியர் பரிமேலழகர் ‘என்றார் பிறரும்’ என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அவருடைய மாணாக்கருக்குப் பாடல்கள் மனப்பாடம். இன்றைய கட்டுரையாளருக்கு அச்சலுகை இல்லை.

மேற்கோளுக்கு அடுத்த வாக்கியமே உரைகல். ‘இது ஈண்டு நினைவுகூரத்தக்கது’ என்று அது முடிந்தால், கட்டுரையாளருக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை என்பது பொருள். பாடலின் எந்தச் சொல் எதை நிறுவுகிறது என்று அவ்வாக்கியம் காட்ட வேண்டும். காட்டாத மேற்கோளை, பாடியவர் கபிலரே ஆயினும், நீக்கிவிடுவதே முறை.