காது வாங்கிட்ட, வாய் வாங்கலையே நைனா!

வா நைனா, குந்து. ரெண்டு கையிலயும் அட்டைப்பெட்டி. ரிச்சி தெருவுக்குப் போயிட்டு வந்தியா? இன்னா இது, எஸ்.டி.ஆர். குச்சியா? அப்போ அமெச்சூர் ரேடியோ போட்டிக்கு எறங்கப் போற. எறங்கு, எறங்கு. தண்ணி ஆழம் பாத்தியா?

நான் அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத்து ஓட்டினவன். மூர் மார்க்கெட்டு எரியறதுக்கு முன்னாடி அங்க பழைய சாமான் குப்பையில வால்வு பொறுக்கினவன். வூட்ல பாட்டு கேக்கற ரேடியோவுக்கே தபாலாபீசுல லைசென்சு கட்டின காலத்து ஆளு. பெருமைக்குச் சொல்லல, வயசுக்குச் சொல்றேன்.

இந்தக் குச்சி டிவி பாக்கப் பொறந்தது. உள்ள ஆர்.டி.எல். 2832-ன்னு ஒரு சில்லு. காத்துல வர்றத அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கொட்ட வெக்கலாம்னு 2012 வாக்குல சில கில்லாடிங்க கண்டுபிடிச்சாங்க. நாங்க காயில் சுத்தி, கண்டென்சர் திருகி செஞ்ச வேலைய இப்ப சாப்ட்வேர் கணக்குப் போட்டே செய்யுது. நல்ல வித்தைதான், யாரு இல்லேன்னா? ஒரு பேண்டு முச்சூடும் திரையில அருவியா எறங்கறதப் பாத்துட்டு நானே டீய ஆற வுட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு. இந்தக் குச்சி சாதாரணமா 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ எறங்காது. போட்டிக் கூட்டம் நிக்கறது 7-லயும் 14-லயும் 21-லயும். அதுக்குத் தனியா ஒரு கன்வர்ட்டர் வேணும். அதையும் வாங்கிட்டன்னு வையி. கேக்கும். பேசுமா? காது வாங்கிட்ட, வாய் வாங்கலையே!

வாய்க்கு பரீட்சை எழுதி லைசென்சு வாங்கணும். ரெஸ்ட்ரிக்டட்னா உன் ரேடியோ பேரு வி.யு.3-ன்னு ஆரம்பிக்கும், 50 வாட்டு. மோர்ஸும் கத்துக்கிட்டு ஜெனரல் எழுதினா வி.யு.2. அம்பது வாட்டுதானான்னு மூஞ்ச சுளிக்காத. 1924-ல கிருஷ்ணசாமி செட்டி மெட்ராஸ்ல ரேடியோ கிளப்பு ஆரம்பிச்சு ஊருக்கே பாட்டு போட்டாரே, அந்த மெசினு 40 வாட்டுதான்.

மேல மாடியில எம் பேரன் கூத்தச் சொல்றேன், கேளு. மூணு திரை. நடுவுல ராஜா மாதிரி சுத்தற நாற்காலி. காதுல பூரி மாதிரி ஹெட்போன். என்1எம்எம்-னு, யாரோட பேசினோம்னு குறிச்சு வெக்கற ஒரு லாக் சாப்ட்வேர். ஓசிதான், நல்ல சாமானு. கூப்பிட்டவன் பேரைத் தட்டினா, ஏற்கனவே பேசின ஆளுன்னா கலரு மாத்திக் காட்டுது. ஆனா ரேடியோவையும் அதையும் சேத்து வெக்கறதுக்குள்ள ரெண்டு ராத்திரி போச்சு. இவன் போர்ட்டு நாலுங்கறான், சாப்ட்வேரு ஏழுங்குது. பொண்ணு பாக்கப் போன எடத்துல ஜாதகம் பொருந்தாத கதைதான்.

எல்லாம் கூடி வந்துச்சு. அக்டோபர் கடைசி சனிக்கிழமை. உலகம் பூரா கலந்துக்கற சி.க்யூ. போட்டி, 48 மணி நேரத்துல எவ்வளவு பேரோட பேச முடியுமோ பேசணும். நமக்கு விடிகாலை அஞ்சரைக்கு ஆரம்பம், ஏன்னா கணக்கு உலகப் பொது நேரத்துல. பய இன்னா செஞ்சான் தெரியுமா? கம்ப்யூட்டர் முள்ள அந்தப் பொது நேரத்துக்குத் திருப்பி வெச்சான். ஊரு மட்டும் இந்தியான்னே வுட்டுட்டான். சாப்ட்வேரு தன் பங்குக்கு இன்னொரு அஞ்சரை மணி நேரத்தக் கழிச்சுது. லாக்கப் பாத்தா, போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜப்பான்காரனோட பேசி முடிச்சிருக்கான்! என் நோட்டுப் புஸ்தகத்துக்கு இந்தக் கோளாறு வருமா?

அப்பால இரைச்சல். அருவி முழுக்க வெள்ளைக் கோடு. "தாத்தா, சூரியன்ல புயலு"ங்கறான். சூரியன எதுக்குடா வம்புக்கு இழுக்கற? கீழ எறங்கி வந்தேன். பூஜை ரூமுல அவன் ஆயா தீபாவளிக்கு மாட்டின சீரியல் செட்டு மினுக் மினுக்னு எரியுது. புடுங்கினேன். மேலேர்ந்து "சூரியன் அடங்கிடுச்சு"ன்னு கத்தறான். அடுத்தது இன்வர்ட்டரு. அதையும் அணைச்சேன். ரஷ்யாக்காரன் பக்கத்து வூட்டுலேர்ந்து பேசறாப்ல கேட்டான். கெழவி மட்டும் ரெண்டு நாளு என்கிட்ட பேசல.

நாங்க இருக்கற ஆவடிப் பக்கம் இன்னொரு விசேஷம். ஆகாசவாணி கம்பம் கிட்டத்துல நிக்குது. சின்னக் குச்சிக்கு அந்தச் சத்தம் தாங்குமா? பய ஒரு நாள் ஓடியாந்து, "7 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு பாகவதரு பாடறாரு"ங்கறான். அது மத்திய அலையிலேர்ந்து வழிஞ்சு வந்தது. நடுவுல ஒரு பில்டர் போட்டதும் பாகவதரு கெளம்பிட்டாரு.

போட்டியில எல்லாரும் எல்லாருக்கும் குடுக்கற மார்க்கு 59. தெளிவுக்கு 5, பலத்துக்கு 9. ரெண்டும் முழு மார்க்கு. அடுத்த மூச்சுலயே, "உன் பேரு சரியா கேக்கல, மறுபடி சொல்லு!" கல்யாண வூட்ல சாப்பாடு பிரமாதம்னு சொல்லிட்டு வெளிய வந்து ஓட்டல் தேடற கதையா இல்ல?

எப்பவும் அப்படித்தான்னு நெனச்சுடாத. 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத் அம்மா குழு போர்ட்பிளேர்ல குந்தி, அந்தமானுக்குன்னு வி.யு.4 பேர வெச்சு உலகத்தோட பேசிக்கிட்டு இருந்தாங்க. 26-ஆம் தேதி சுனாமி. போனெல்லாம் படுத்துச்சு. அந்த ரேடியோதான் யாரு உசுரோட இருக்காங்கன்னு கரைக்குச் சேதி சொல்லுச்சு. அன்னிக்கு எவனும் சும்மா 59 குடுத்திருக்க மாட்டான்.

அதனால உன் பெட்டிங்கள அப்பால வையி. மொதல்ல கம்பி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டரு, நடுவுல வெட்டி பக்கத்துக்குப் பத்து. மொட்டை மாடியில எவ்வளவு ஒசரம் முடியுமோ அவ்வளவு ஒசரம் கட்டு. எங்க அசோசியேசன்காரரு அதத் துணி காயப்போடற கயிறுன்னே ரெண்டு வருஷமா நம்பிக்கிட்டு இருக்காரு. நானும் அப்பப்ப ஒரு துண்டு போட்டு வெப்பேன். இடி இடிச்சா மட்டும் கம்பியக் கழட்டி வெளிய போட்டுடு. இந்தப் போட்டி வெக்கறவன் நம்ம ஐப்பசி மழையக் கேட்டா தேதி குறிச்சான்?

நவம்பர் கடைசியில மோர்ஸ் போட்டி வருது. வர்றதா இருந்தா வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்து படுத்துக்கோ. ஒரு பென்சில் எடுத்துக்கிட்டு வா. கடிகாரத்த மட்டும் தொடாத.