வரும்ணா, வரும்!

ஓசூரில் யாரிடமாவது "மலைக்குப் போறேன்" என்று சொன்னால், "ஊட்டியா, ஏற்காடா?" என்றுதான் கேட்பார்கள். தாங்கள் குடியிருப்பதே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் என்பதும், ஊருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று மலையும் காடுமாகக் காவிரிக்கரை வரை நீள்கிறது என்பதும் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கப் போகிறவர்களுக்கு எங்கே நினைவிருக்கும்?

சிப்காட்டில் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவருக்கு நினைவு வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வரப்பைத் தவிர வேறு மேடு பார்க்காமல் வளர்ந்தவர். சொந்தமாக பைக் இருந்தும், வாரவிடுப்பில் மலையூர்களுக்கெல்லாம் பஸ்ஸில்தான் போவேன் என்று ஒரு வைராக்கியம். வீட்டில் அதற்கு வேறு பெயர் சொன்னார்கள்.

நாட்டுக்கே கைக்கடிகாரம் செய்து கொடுக்கும் ஊர் ஓசூர். டைட்டன் ஆலை 1980களில் இங்கே வந்தது. அந்தக் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் அவர் தேன்கனிக்கோட்டையில் நின்று, பெட்டமுகிலாளம் பஸ் எப்போது என்று டீக்கடையில் விசாரித்தார்.

"வரும்ணா."

"எத்தனை மணிக்கு?"

"வர்ற நேரத்துக்கு வரும்ணா."

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டிதான் இரக்கப்பட்டார். "இஸ்கூல் விட்டா வரும், கண்ணு." பள்ளிக்கூடம், சந்தை, ஷிப்ட் இந்த மூன்றையும் தெரிந்து வைத்திருப்பவருக்குக் கால அட்டவணையே வேண்டியதில்லை என்பது அன்றைய கண்டுபிடிப்பு. பள்ளி விட்டது, பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் பாட்டியிடம் தெலுங்கிலும், பின்னால் நின்றவரிடம் கன்னடத்திலும், நம்மவரிடம் தமிழிலும் பேசி, சில்லறை இல்லை என்ற ஒரே செய்தியை மூன்று மொழியிலும் தெரிவித்தார்.

கிடைத்தது கடைசி வரிசை சீட்டு. பஸ்ஸின் பின்சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது நடுவில் இருப்பவர் லேசாக அசைவார்; கடைசியில் இருப்பவர் சீட்டை விட்டே கிளம்பிவிடுவார். 1980 முதல் அசோக் லேலண்ட் ஆலை இருக்கும் ஊரிலிருந்து வந்தவருக்கு வண்டியின் சஸ்பென்ஷன் பற்றிய பாடம் பள்ளிப் பையன்களிடமிருந்து கிடைத்தது: "வளைவு வந்தா கம்பியப் பிடிங்க சார், பள்ளம் வந்தா எந்திரிச்சு நில்லுங்க." வாந்திக்கு எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னதும் அவர்கள்தான். பழம் மட்டும் பாட்டியின் கூடையிலிருந்து வந்தது.

மலையில் வேடிக்கை பார்த்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. திரும்பிப் போக பஸ் உண்டா என்றார். உண்டு, காலையில். வந்த பஸ் போகவில்லையே, அதோ நிற்கிறதே என்று காட்டினார். அது நைட் ஹால்ட் பஸ்ஸாம். தமிழ்நாட்டில் எத்தனையோ கடைக்கோடி ஊர்களின் உயிர்நாடி இந்த ஏற்பாடுதான்: கடைசி டிரிப் வந்த வண்டி ஊரிலேயே படுத்துவிடும், டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே தூங்குவார்கள், விடியலில் அதுவே முதல் பஸ். காலையில் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போக வேண்டியவர்களுக்கு இது வரம். மாலையில் திரும்ப நினைப்பவருக்கு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டி வீட்டுத் திண்ணையில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கிடைத்தன. களியை மென்று தின்றவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதை விழுங்க வேண்டும்.

அந்தக் கேழ்வரகுக்கு வேறு ரசிகர்களும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பயிர் முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் இறங்குகின்றன. ஓசூர் - ராயக்கோட்டை சாலையை ஒட்டிய சானமாவு காடுவரை வந்து தங்கும். வனத்துறை தண்டோரா போடும், உழவர்கள் கண்விழிப்பார்கள். எல்லைச் சோதனைச் சாவடி, டிக்கெட், சில்லறைத் தகராறு எதுவும் அவற்றுக்கில்லை. நேரமும் அவை வைத்ததுதான்.

அஞ்செட்டிப் பயணத்தில் விபரீதம் எதுவும் நடக்கவில்லை, ஒகேனக்கல் பஸ்ஸைத் தவறவிட்டதைத் தவிர. காத்திருந்த நேரத்தில் டீக்கடையில் பிலிகுண்டுலு பற்றிப் பேச்சு வந்தது. காவிரியில் தமிழகத்துக்கு வரும் நீரை அளக்கும் இடம் இந்தக் காட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி.யைப் புள்ளிக்குப் பின்னால் உள்ளது வரை ஒப்பித்தார் ஒரு பெரியவர். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கு, "வரும்" என்றார்.

அடுத்து ராயக்கோட்டை. 1791இல், மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலேயர் படை பிடித்த மலைக்கோட்டை. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றபடி, கோட்டைக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டார் நம்மவர். கண்டக்டர் மலையை ஒருமுறை பார்த்தார், பிறகு அவருடைய தொப்பையைப் பார்த்தார்.

"அடிவாரம் வரைக்கும் டிக்கெட் தரேன் சார். அதுக்கு மேல உங்க பாடு."