ராஞ்ச் டிரெஸ்ஸிங்கின் இளக்கமும் இறுக்கமும்: ஒரு முன்னாய்வு

சாலட்டுக்காக வீட்டில் கலக்கிய ராஞ்ச் டிரெஸ்ஸிங் கெட்டியாகிவிட்டால் ஒரு கரண்டி பால் விடலாம். நீர்த்துப்போனால் கொஞ்சம் மயோனைஸ் சேர்க்கலாம். அமெரிக்கச் சமையலறைகளில் இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்தது என்பதே ஓர் ஆய்வைத் தொடங்கப் போதிய காரணம் என்பது அறிஞர் மரபு.

ஆய்வேடென்றால் முதல் இயல் வரலாறு. பொருளுக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. ஸ்டீவ் ஹென்சன் அலாஸ்காவில் பிளம்பிங் வேலைக்குப் போன இடத்தில், உடன் உழைத்தவர்களுக்குச் சமைத்துப் போட்டபோது மோரும் மயோனைஸும் மூலிகைகளும் சேர்ந்த இந்தக் கலவையை உருவாக்கினார். 1954இல் மனைவியோடு கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவுக்கு அருகே ஒரு பண்ணையை வாங்கி ‘ஹிடன் வேலி’ என்று பெயர் வைத்தார். விருந்தினர் கேட்டு வாங்கிப்போகப் போக, பொடி பாக்கெட்டுக்கு வந்தது. 1972இல் 80 லட்சம் டாலர் கொடுத்து ‘ஹிடன் வேலி’ வணிகப் பெயரை வாங்கியது குளோராக்ஸ். பிளீச் விற்றுப் பேர்பெற்ற நிறுவனம். டிரெஸ்ஸிங்கின் வெண்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பதிவுசெய்வது ஆய்வாளரின் கடமை (புட்டியின் பின்பக்கம், வரி 3).

பதங்கள் மூன்று: ஓடுவது, படிவது, நிற்பது.

ஓடுவது தட்டில் குளம் கட்டும். நிற்பது தொட்டுக்கொள்ள ஆகும்; அதை ‘டிப்’ என்பார்கள். இரண்டையும் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

படிவதுதான் ஆய்வுக்குரியது. இதற்கான சோதனையைப் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் சாஸ்களுக்கு நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்: கரண்டியை முக்கி எடுத்து, முதுகில் படிந்ததன் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு கலையாமல் நின்றால் பதம் சரி. ஆனால் எந்த விரல்? ஆள்காட்டி விரலே என்பது ஒரு சாரார் கட்சி (அடுத்த வீட்டுக்காரர், வாய்மொழி, வேலிக்கு மேலாக). சுண்டுவிரலே என்பார் மறுசாரார் (அவர் மனைவி, அதே வேலி, குரல் உயர்த்தி). கோடிழுத்த விரலை நக்குவது சோதனையின் பகுதியா, பின்னிணைப்பா என்பதில் பாடபேதம் உண்டு (பொடிப் பாக்கெட், கிழிபட்ட பதிப்பு; ஒப்புநோக்குக: அதே பாக்கெட், குப்பைத்தொட்டிப் பதிப்பு, தக்காளிக் கறையால் இரண்டு வரி சிதைந்தது, மூன்றாம் வரியைப் பதிப்பாசிரியர் தம் பசிக்கேற்ப நிரப்பியது). நக்கியது பின்னிணைப்பே என்று கொண்டால் இரண்டாம் முறை நக்குவது இடைச்செருகலாகும். மூன்றாம் முறைக்குப் பின் சோதிக்கப் பண்டம் மிஞ்சுமா என்ற ஐயத்தை முந்தைய உரையாசிரியர்கள் எழுப்பாதது வியப்பே. அவர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டுவதில் மும்முரமாக இருந்திருக்கலாம்.

ஆலைகளில் விரலுக்கு வேலையில்லை. அங்கே பாஸ்ட்விக் கன்சிஸ்டோமீட்டர் என்றொரு நீண்ட உலோகத் தொட்டி உண்டு. கதவைத் திறந்துவிட்டு, 30 விநாடியில் குழம்பு எத்தனை சென்டிமீட்டர் ஊர்கிறது என்று பார்ப்பார்கள். யாரும் எதையும் நக்குவதில்லை.

இனிக் காரணம். மயோனைஸ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் எடையில் குறைந்தது 65 சதவீதம் எண்ணெய் வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அவ்வளவு எண்ணெயும் நுண்துளிகளாக, சிறிதளவு நீரில் நெருக்கியடித்து நிற்கிறது. அதிலுள்ள முட்டை மஞ்சள்கருவின் லெசித்தின் அவை ஒன்றோடொன்று சேராமல் காக்கிறது. நகர இடமில்லாத நெரிசல்தான் கெட்டித்தன்மை. பால் விட்டால் இடம் கிடைத்து நகர்கின்றன. எண்ணெயையே மேலும் துளித்துளியாக அடித்துச் சேர்த்தால் நெரிசல் கூடி இன்னும் இறுகும். கலக்கியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் பூண்டுப்பொடியும் வெங்காயப்பொடியும் நீரை உறிஞ்சி, தாமாகவே கெட்டிப்படுத்தும். அவசரப்பட்டு மயோனைஸைக் கொட்டுவோர் மறுநாள் கத்தியால் வெட்டி எடுக்க நேரும். மோர் என்றதும் தமிழர் வீட்டு நீர்மோரை ஊற்றிவிடக் கூடாது. அமெரிக்கக் கடை மோர் பாலில் பாக்டீரியா விட்டுப் புளிக்கவைத்த கொழகொழப்பு.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்குச் சாந்தன் கோந்து ஒரு சிட்டிகை. இல்லினாய் மாநிலம் பியோரியாவில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் ஆலீன் ஜீன்ஸ் குழுவினர் கண்டறிந்தது; உணவில் சேர்க்க 1969இல் அனுமதி கிடைத்தது. இதைச் சுரக்கும் பாக்டீரியா முட்டைக்கோஸில் கருப்பழுகல் நோயை உண்டாக்குவது. முட்டைக்கோஸை அழுகவைத்ததன் கோந்தைக் கலந்து முட்டைக்கோஸ் மீதே ஊற்றுவது எந்த அறத்தில் சேரும் என்பதைத் தத்துவத் துறையினர் ஆராயட்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: “இவ்வளவும் எதற்கு? புட்டியைச் சற்று நேரம் கவிழ்த்துவைத்தால் வந்துவிடாதா?” இதற்கு விடை உண்மையிலேயே அறிவியலில் இருக்கிறது. பாய்வியல் அறிஞர் மார்க்கஸ் ரெய்னர், ஒரு மாநாட்டு விருந்துக்குப் பின் ஆற்றிய உரையை 1964இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் வெளியிட்டார். பொருள் நெகிழ எடுக்கும் நேரத்தை, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தால் வகுத்தால் வருவது ‘டெபோரா எண்’. விவிலியத்தில் மலைகளும் பாய்ந்தன என்று பாடிய தீர்க்கதரிசினியின் பெயர் அது. அதாவது போதிய காலம் பார்த்துக்கொண்டிருந்தால் மலையே ஓடும், டிரெஸ்ஸிங் எம்மாத்திரம்! ஆய்வு மாணவர்களின் பட்டக்காலம் நீள்வதன் இயற்பியல் அடிப்படையும் இதுவாகலாம்.

கடைசியாக ஒரு வரம்பு. பதம் எவ்வளவு துல்லியமாக அமைந்தாலும், உப்பு பட்ட வெள்ளரி பத்து நிமிடத்தில் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் நீர்க்கச் செய்துவிடும். வெட்டியதும் உப்பிட்டு வடித்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் வெள்ளரி இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது; அதற்குத் தோட்டக்கலைத் துறைதான் பதில் சொல்ல வேண்டும்.