வடம் தொட்ட புண்ணியம்

வாடா பேராண்டி. பாண்டிலருந்து இப்பதான் வர்றியா? பஸ்ஸுல நின்னுக்கினு வந்த களைப்புலயும் அந்தப் போன மட்டும் கீழ வுடல பாரு, அதுதான் படிக்கிற புள்ளைக்கு அழகு. இன்னா சொன்ன? குரூப் ஸ்டடியா? நேத்து ராவெல்லாம் மல்லாந்துக்கினு வெரலால தள்ளித் தள்ளிப் பாத்தியே, அதுவா? நான் வேற ஏதோ பொண்ணு சமாச்சாரம்னு நெனச்சி, ஒங்க ஆயாகிட்ட நல்ல சேதின்னு சொல்லித் தொலைச்சிட்டேன்.

குரூப்புல எத்தினி பேரு? 62-ஆ? வாட்ஸ்அப்புல 1024 பேரு வரைக்கும் சேக்கலாமாமே, கஞ்சத்தனம் பண்ணாத. நம்ம வில்லியனூர்த் தேர நெனச்சிப் பாரு. வைகாசியில திருக்காமீஸ்வரர் தேரு கெளம்புறப்ப வடத்துல எத்தினி கை! அதுல இழுக்குற கை எது, தொட்டுக்கினு நடக்குற கை எதுன்னு மேல ஒக்காந்துருக்குற சாமிக்கே வெளங்காது. இழுத்தவனுக்கு உள்ளங்கை கொப்புளிக்கும். தொட்டவனுக்குப் புண்ணியம். நீர்மோரு ரெண்டு பேருக்கும் ஒரே லோட்டாதான்.

ஒங்க குரூப்பும் அந்தமாரிதானே? மூணு புள்ளைங்க கண்ணு முழிச்சி நோட்ஸ் எழுதிப் போடும். மிச்சம் அம்பத்தொம்போது பேரு கட்டவெரலத் தூக்கிக் காட்டும். அத்த நீ தப்பாம செய். நோட்ஸ மட்டும் தொறந்துடாத. தொறந்தா படிக்கத் தோணும், படிச்சா சந்தேகம் வரும், வந்தா கேக்கணும், கேட்டா ஒனக்குத் தெரியாதுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். எதுக்குடா வம்பு?

வாத்தியாரும் உள்ள இருக்காரா? இருக்கட்டும். பிரெஞ்சுக்காரன் காலத்துலருந்து நம்ம தேருக்குக் கவர்னரு வந்து வடம் புடிக்கிறது வழக்கம். அவன் போயிட்டான், இப்ப துணைநிலை ஆளுநர் வர்றாரு. அவரு கைய வச்சாதான் தேரு நவுரும்னு இல்ல. ஆனா அவரு நிக்கிற வரைக்கும் அத்தினி பேரும் வெறப்பா இழுப்பானுங்க. நீங்க ‘தேங்க்யூ சார்’ போடுறதும் அந்த வெறப்புதான். அதான் வாத்தியாரு இல்லாத குரூப்பு ஒண்ணு தனியா வச்சிருக்கீங்க. பாடம் அங்கதான் வெளங்குதாமே!

வாத்தியாரு மட்டுமா எட்டிப் பாக்குறாரு? 2019 ஜூலையில தில்லி மனிதவள அமைச்சகத்துலருந்து காலேஜுங்களுக்கு ஒரு கடுதாசி வந்துச்சி. புள்ளைங்களோட பேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம் கணக்கையெல்லாம் காலேஜு கணக்கோடயும் அமைச்சகத்துக் கணக்கோடயும் கோத்துடணுமாம். அதுக்குன்னு ஒரு ‘சோஷியல் மீடியா சாம்பியன’ வேற போடணுமாம். வேவு பாக்குறீங்களான்னு சத்தம் கெளம்புனதும், இஷ்டப்பட்டவங்க சேந்தா போதும்னாங்க. வடத்துல மணியக் கட்டிட்டு, எவன் இழுக்குறான்னு தில்லியிலருந்தே காது குடுத்துக் கேக்க ஆசை.

சிரிக்காத. கூடிப் படிக்கிறது நம்ம பாகூருக்குப் புதுசா? ஒம்பதாம் நூத்தாண்டுல, பல்லவராசா நிருபதுங்கவர்மன் காலத்துல, இந்த மண்ணுல பதினாலு வித்தை சொல்லிக் குடுத்த வித்யாஸ்தானம் இருந்துச்சி. அங்க இருந்தவங்க சாப்பாட்டுக் கவல இல்லாம படிக்கணும்னு மூணு ஊர எழுதிக் குடுத்தாங்க. மூணு ஊருடா! ஒனக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதுவும் சாயங்காலத்துக்குள்ள காலி. அந்தத் தானத்த எழுதுன செப்பேடு 1879-ல பாகூர்ல கெடைச்சிது. இப்ப எங்க இருக்கு தெரியுமா? பாரிஸ்ல, பிரான்சு தேசிய நூலகத்துல. நம்ம ஊருலருந்து மொத மொதல்ல ஃபார்வர்ட் பண்ணவன் வெள்ளக்காரன்தான். அனுப்புனவன் நம்மகிட்ட அசல வுட்டுட்டுப் போவல.

ஒங்க அக்காளும்தான் போன வாரம் குரூப்புல படிச்சா. தேய்மானக் கணக்கு ஒண்ணத் தப்பாப் போட்டு அனுப்பிட்டா. அவ்ளோதான். ஒருத்தி ‘அது அப்புடி இல்லடி’ன்னு கொரல்லயே திட்டுறா. இன்னொருத்தி தாளுல போட்டு படம் புடிச்சி அனுப்புறா. மூணாவது ஒருத்தி, நீங்க ரெண்டு பேருமே தப்புன்றா. ராத்திரி பன்னண்டாச்சி, ஓயல. ஏதோ சண்டையோன்னு நான் எழுந்து போயி கேட்டா, வாங்குன டிராக்டரு வருசா வருசம் எவ்ளோ வெல எறங்கும்ன்றதுதான் கணக்காம். என்னக் கேட்டிருந்தா ஒத்த வரியில முடிச்சிருப்பேன்: விக்கப் போற அன்னிக்குத் தெரியும்!

ஆனா ஒண்ணு கவனிச்சேன். அவ சரியாப் போட்டிருந்தா, அத்தினி பேரும் கட்டவெரலக் காட்டிட்டுத் தூங்கியிருப்பாளுங்க. நீ அந்தமாரித் தப்பெல்லாம் பண்ணிடாத. பரிட்ச வரைக்கும் வடத்தத் தொட்டுக்கினே நட.

இரு, எங்க எழுந்துட்ட? எங்க ஏரித்தண்ணி குரூப்புல, மதகு என்னிக்குத் தொறப்பாங்கன்னு ஒருத்தன் கேட்டான். பதிலுக்கு நாப்பது ரோசாப்பூ வந்துச்சி. தெனமும் இதே கததான். இப்ப போனுல எடமே இல்லன்னு காட்டுது. இந்தப் பூவெல்லாம் எப்புடிடா அழிக்கிறது? மெதுவாச் சொல்லு, ஒங்க ஆயா காதுல வுழுந்துடப் போவுது. மூணு மாசமா கேக்க வெக்கப்பட்டுக்கினு கெடக்குறேன்.