சாதம் வேண்டாத சாப்பாடு

திருச்சி பாலக்கரையில் நின்றுகொண்டு ஒருவன் பசிக்கிறது என்று சொன்னால், ஒன்று அவன் கையில் காசில்லை, இல்லையென்றால் அவனுக்குச் சுகர். எனக்கு இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

ரவுண்டானாவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கல் காய்ந்துகொண்டிருக்கும். காந்தி மார்க்கெட் பக்கம் போனால் பூரி. மேலப்புதூர் பக்கம் போனால் பரோட்டா. சகாய மாதா கோயில் பக்கம் போனால் பிரியாணி அண்டாவைத் திறக்கிற நேரமாகப் பார்த்து என் கால் தானாக மெதுவாகும். இதே ரவுண்டானாவில்தான் சிவாஜி கணேசன் சிலை வருஷக்கணக்கில் துணி போர்த்தியபடி நின்றது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், பாவம், இவருக்கும் டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார் போல, வாசனை படாமல் மூடிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் டாக்டர் சொன்னது சுருக்கமானது. "அரிசியைக் குறைங்க, காயை ஏத்துங்க, புரதம் சேருங்க." சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு இது சுலபம். நான் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறவன். மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஏழரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளிடம் எனக்கும் டிபன் பாக்ஸ் கட்டிக்கொடு என்று கேட்கத் தைரியம் இல்லை. நானே எழுந்து கட்டிக்கொள்ளச் சுறுசுறுப்பு இல்லை. ஆகவே மதியம் ஓட்டல். ராத்திரி குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணை அவள் ஒரு நோட்டில் சிவப்பு மையில் எழுதுவாள். 200-ஐத் தாண்டினால் அடியில் கோடு. பெற்றோர் கையெழுத்து ஒன்றுதான் இன்னும் கேட்கவில்லை.

காலையில் டீக்கடையிலிருந்தே சோதனை ஆரம்பம். "சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்று மாஸ்டரின் காதருகே போய் ரகசியமாகச் சொல்வேன். அவர் கும்பகோணம் வரைக்கும் கேட்கிற குரலில் "அண்ணனுக்கு ஒரு வித்தவுட்!" என்பார். உடனே பெஞ்சில் இருக்கும் மற்ற வித்தவுட்டுகள் திரும்பிப் பார்ப்பார்கள். எத்தனை வருஷமா, ஃபாஸ்டிங் எவ்வளவு, மூணு மாச டெஸ்ட் எடுத்தீங்களா. சொந்தக்காரன்கூட இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. ஒருவர் ஆவாரம்பூ என்பார், இன்னொருவர் சிறுகுறிஞ்சான், மூன்றாமவர் வெந்தயத்தை ஊறப்போடச் சொல்வார். மூன்று பேர் கையிலும் வாழைக்காய் பஜ்ஜி இருக்கும். டீயில் மிச்சம் பிடித்த சர்க்கரையை மாவாகத் திருப்பி வாங்கிக்கொள்கிற இந்தக் கணக்கை, கணக்கெழுதுகிற நானே பல நாள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். நான் போகிற ஓட்டலில் சாப்பாடு 120 ரூபாய். இலை போட்டதும் பொரியல் வரும். வரும் என்றால், சப்ளையர் கரண்டியின் நுனியால் இலையில் ஒரு புள்ளி வைப்பார். பக்கத்தில் கூட்டு, இன்னொரு புள்ளி. பிறகு சாதம் வரும். அதற்குக் கரண்டி கிடையாது, பேசின். ஒரே கவிழ்ப்பில் இலை நடுவே மலைக்கோட்டை எழும்பிவிடும். "போதும்ப்பா" என்று கையை நீட்டித் தடுத்தால் விரல் மேலேயும் விழும். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் மறுபடி பேசின். எல்லாம் இலவசம், கேட்காமலே. எனக்கு விதித்த அந்தப் புள்ளிதான் கேட்டால் தனிக் காசு: எக்ஸ்ட்ரா பொரியல் 30.

ஒரு நாள் துணிந்து கல்லாவில் பேரம் பேசினேன். "சாதமே வேண்டாம், அதுக்குப் பதிலா ரெண்டு பொரியல், ரெண்டு கூட்டு வைங்க."

"அப்படி இல்ல சார். மீல்ஸுன்னா மீல்ஸ்தான்."

"சாதம் உங்களுக்கு மிச்சம்தானே?"

"சாதம் வேண்டாம்னு நீங்கதானே சொல்றீங்க, நாங்களா சொன்னோம்?"

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பீன்ஸ் என்ன விலை விற்கிறது என்று காந்தி மார்க்கெட்டில் காலையில் போய்ப் பார்த்தவருக்குத் தெரியும். அரிசி மூட்டையாக வந்து மூலையில் உட்காரும், வாடாது, அழுகாது, ஒரு படி போட்டால் மூன்று படியாகப் பெருகும். காய் அப்படியா? கழுவ வேண்டும், நறுக்க ஆள் வேண்டும், அடுப்பில் ஏற்றினால் பாதியாகச் சுருங்கும். ஓட்டல்காரர் என் வயிற்றை அரிசியால் நிரப்பாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். இது எனக்குப் புரிகிறது. ஆனால் 120 ரூபாய் கொடுத்த சாதத்தை இலையில் விட்டுவிட்டு எழுந்திருக்கிற வைராக்கியம் எனக்குக் கிடையாது. என் சுகருக்குக் கணையம் பாதிக் காரணம், கஞ்சத்தனம் பாதிக் காரணம்.

மலிவு என்று பார்த்தால் அம்மா உணவகத்தை மிஞ்ச ஆளில்லை. 2013-இல் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3; பிறகு பொங்கல் 5, ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி 3 ரூபாய் என்று சேர்ந்தன. பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் படித்தாலும் மாவுச்சத்தைத் தவிர ஒன்றும் தட்டுப்படாது. அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காந்தி மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர் அதைச் சாப்பிட்டுவிட்டு மூட்டை தூக்குகிறார். நான் தூக்குவது பேரேடு, அதுவும் மேஜை மேலேயே இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் அரசாங்கம் என்னைக் கைவிடவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரையோடு ஒரு கிண்ணம் புடலங்காய்க் கூட்டும் வீடு தேடி வந்தால் நன்றாக இருக்கும் என்று மாத்திரை கொண்டுவரும் பெண்மணியிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பிரஷர் எடுத்தார், அதுவும் கூடியிருந்தது.

சரி, சப்பாத்திக்கு மாறிக்கொள் என்றார்கள். தமிழ்நாட்டில் சுகர் என்று யாராவது வாயைத் திறந்தால் உடனே கையில் திணிக்கப்படுவது சப்பாத்திதான். என் மாமியார் வீடு ஸ்ரீரங்கம். அவர் இதற்கு ரங்கநாதரையே சாட்சிக்கு அழைத்தார். அந்தக் கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு சந்நிதி உண்டு. அவரை முன்னிட்டுப் பெருமாளுக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிற வழக்கமும் உண்டு. "பெருமாளே ரொட்டி சாப்பிடுறார், மாப்பிள்ளை சாப்பிட்டா என்ன?" என்றார். "பெருமாளுக்கு தன்வந்திரி அதே கோயிலுக்குள்ள இருக்கார் அத்தை. எனக்கு டோக்கன் போட்டுல்ல பார்க்கிறாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ரொட்டி வந்துவிட்டது. வெண்ணெய் வரவில்லை. வந்திருக்கலாம், கெடுதல் அதில் குறைவு.

நான் சும்மா விடவில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் வருஷ அட்டவணையைத் தேடிப் படித்தேன். நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கோதுமை மாவில் 64. கேழ்வரகில் 67, வரகில் 66, சாமையிலும் கிட்டத்தட்ட அதேதான். சிறுதானிய தோசை என்று பச்சை எழுத்தில் போர்டு வைத்து இரண்டு மடங்கு விலை வாங்குகிறார்களே, அந்தக் கூடுதல் காசுக்கு எனக்குக் குறைவது இவ்வளவுதான். நார்ச்சத்து கொஞ்சம் கூடும், அதை மறுக்கவில்லை. 2025-இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த டாக்டர் அஞ்சனா முதலானவர்கள் ஐ.சி.எம்.ஆருக்காக நாடு முழுக்க எடுத்த ஆய்வு வெளியானது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறதாம். வெள்ளை அரிசியை விட்டுவிட்டு அதே அளவு கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் சுகர் வரும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லையாம். மொத்த மாவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை மாதிரிப் புரதத்தை வைத்தால் பலன் உண்டாம். இதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப நாலுக்குப் பதிலா ரெண்டு சப்பாத்தி போடுறேன்" என்றார். ஆராய்ச்சியாளர்கள் பல பக்கத்தில் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

ஆக, புரதம். பாலக்கரையில் மலிவான புரதம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தள்ளுவண்டியில் வருகிறது. முட்டை! ஆம்லெட், ஆஃப்பாயில், கலக்கி. ஒரு முட்டையில் புரதம் ஆறு கிராம், மாவுச்சத்து ஒரு கிராம்கூடக் கிடையாது. மூன்று முட்டையில் வெங்காயம் தூக்கலாக ஒரு ஆம்லெட், மிளகுத்தூள் மேலே, வயிறும் நிறைந்துவிடும், பொரியல் கணக்கைவிடச் செலவும் குறைவு. கடலெண்ணெய் மணத்தோடு அது கல்லில் ஓரம் முறுகிச் சுருண்டுகொண்டு வருகிற நேரத்தில், வாழ்க்கையில் சுகர் வந்ததுகூட நல்லதற்குத்தான் என்று தோன்றும்.

அப்போதுதான் பஞ்சாங்கம் குறுக்கே வரும். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, சனி முட்டை கிடையாது. அமாவாசை, கிருத்திகை, சஷ்டி கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. கார்த்திகையில் மகன் மாலை போட்டுவிட்டால் அவனுக்காக நானும் புண்ணியம் சேர்க்க வேண்டும். டாக்டர் சொல்லும் நாளையும் பஞ்சாங்கம் விடும் நாளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், எனக்குப் புரதம் என்பது தீபாவளி போல எப்போதோ வருகிற சமாச்சாரம். பிரியாணிக் கடைக்காரராவது ஒத்துழைப்பார் என்று பார்த்தேன். கறி வாங்க வசதியில்லாதவனுக்குக் குஸ்கா என்று வெறும் சோற்றை மலிவாகக் கொடுக்கிறார்கள். சோறு ஆகாதவனுக்குக் கறியை மட்டும் மலிவாகக் கொடுக்கும் ஏற்பாடு இன்னும் எந்த அண்டாவிலும் வரவில்லை. கேட்டால் சுக்கா வறுவல் என்று தனித்தட்டில் தனி விலையில் வருகிறது.

தெய்வங்களில் என் கட்சி பிள்ளையார்தான். கோயில் வாசலில் தொன்னையில் சுண்டல் தருகிறார். கொண்டைக்கடலையில் மாவும் உண்டுதான், ஆனால் புரதமும் நாருமாக இருப்பதால் அரிசி மாதிரி அவசரப்பட்டு ரத்தத்தில் ஏறாது. அவரிடமும் ஒரு பலவீனம் இருக்கிறது. சதுர்த்திக்கு மலைக்கோட்டையில் 150 கிலோ கொழுக்கட்டை செய்து, மேலே உச்சிப் பிள்ளையாருக்குப் பாதி, கீழே மாணிக்க விநாயகருக்குப் பாதி என்று படைக்கிறார்கள். பிரசாதம் வாங்க மட்டும் எனக்கு மூட்டுவலி தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது என்னை நம்பி நாளைக்கே சோற்றை நிறுத்திவிடப் போகிறீர்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சுகர் இறங்கிப் படபடப்பும் வியர்வையுமாக உட்கார வைத்துவிடும். அந்த ஆபத்துக்கென்று சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். வைத்திருக்கிறேன். ஆபத்து என்னவோ பெரும்பாலும் பஸ் வர நேரமாகும்போதுதான் வருகிறது.

இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. ரவுண்டானாவுக்குப் பின்னால் சந்துக்குள் ஒரு அக்கா மெஸ் நடத்துகிறார். சாதம் இல்லாமல் கேட்டதும் முகத்தைச் சுளிக்கவில்லை. "உங்களுக்கு மட்டுமா? இந்தத் தெருவில பாதிப் பேர் அதைத்தான் கேக்குறாங்க" என்று கிண்ணம் நிறையக் கூட்டு, கீரை மசியல், முட்டைக்கோஸ் பொரியல், ஆகிற நாளில் இரண்டு அவித்த முட்டை, ஆகாத நாளில் ஒரு கிண்ணம் சுண்டல், கடைசியில் மோர். எண்பது ரூபாய். பலகையில் 'சுகர் சாப்பாடு கிடைக்கும்' என்று சாக்பீஸால் எழுதியும் வைத்துவிட்டார். அதைப் படித்துவிட்டு ஜாங்கிரி, பாயசம் உண்டா என்று விசாரித்தவரும் உண்டு.

ஒரே ஒரு சிக்கல். நான் மோரைக் கையில் எடுக்கும் நேரத்தில் அக்கா கரண்டியோடு வந்துவிடுவார். "பாவம், சோறே இல்லாம எந்திரிக்கிறீங்களே, எனக்கு மனசு கேக்கல" என்று ஒரு கரண்டி சூடான சாதம். காசு வேண்டாம் என்பார். காசு கேட்டால் மறுத்துவிடுவேன். சும்மா வருவதை எப்படி மறுப்பது?

இதற்கும் ஓர் ஆராய்ச்சி கிடைத்தது. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் வெளியிட்டார்கள். சுகர்காரர்கள் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை வரிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ரொட்டியையும் ஆரஞ்சு ஜூஸையும் முதலில் சாப்பிட்டதைவிட, காயும் கோழிக்கறியும் முதலில், ரொட்டியும் ஜூஸும் கடைசியில் என்று சாப்பிட்டபோது ஒரு மணி நேரம் கழித்து எடுத்த சுகர் சுமார் 37 சதவீதம் குறைந்திருந்தது. அக்கா கொடுப்பதும் கடைசியில்தானே? இதை ராத்திரி சிவப்புப் பேனா முன்னால் விளக்கமாக எடுத்துச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு டீச்சரம்மா மூடியைக் கழற்றினாள். "அந்தப் பதினொரு பேரும் சோத்துக்குத் தொட்டுக்க அப்பளம் கேட்டாங்களாங்க?"

அப்பளம் சங்கதியை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.