ரெஃபரன்ஸ் தம்பி

விஸ்காம் வகுப்பு என்று ஒன்று இருந்தால் அதில் ரெஃபரன்ஸ் தம்பி ஒருவர் இருந்தே தீருவார். கழுத்தில் கேமரா தொங்கும். லென்ஸ் மூடி கழன்று யாரும் பார்த்ததில்லை. தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் லேப்டாப், லேப்டாப்புக்குள் பின்ட்ரஸ்டிலிருந்து சேகரித்த படங்கள், நாட்டுக்கு ஒரு ஃபோல்டராக. எதைப் படம் எடுக்கச் சொன்னாலும், "இதை ஏற்கெனவே ஒருத்தர் பண்ணிட்டாரு அங்கிள்" என்பார். மொட்டைமாடிக் கொடியில் ஈரவேட்டி காய்வதற்குக்கூட அவரிடம் ஒரு போலந்துக்காரர் இருக்கிறார்.

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடித் தம்பி இந்த ரகம். கடைசி செமஸ்டரில் அவர்களுக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார்கள்: 'சான்று'. பத்துப் படம் எடுக்க வேண்டும். அதோடு, அந்தப் பத்துப் படத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று காட்ட ஒரு ப்ராசஸ் புக்கும் வைக்க வேண்டும். உலகப் புகைப்படக்காரர்கள் ஐந்து பேரையாவது ஆராய்ந்து, அவர்களிடம் என்ன கற்றோம் என்று தேதிவாரியாக அதில் எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் டிசம்பரிலேயே மெரினாவுக்குப் போய் மணலில் காலடித் தடம், சுண்டல் காகிதம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தம்பிக்கு அது அவசரக் குடுக்கைத்தனமாகப் பட்டது. "முதல்ல ரிசர்ச் அங்கிள். இன்ஸ்பிரேஷன் இல்லாம கேமராவைத் தொடக் கூடாது" என்றார். தொடவும் இல்லை.

முதலில் அகப்பட்டவர் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன். பாரிஸ் போலீஸில் குமாஸ்தாவாக நுழைந்து, 1880-களில் குற்றவாளிகளை அடையாளம் காண ஒரு முறையையே உண்டாக்கிய மனிதர். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், தலையின் நீளம், இடது நடுவிரலின் நீளம், காதின் வடிவம் என்று ஆளையே அளந்து அட்டையில் ஏற்றிவிடுவார். கொலை நடந்த அறையில் உயரமான முக்காலியில் கேமராவை ஏற்றி, மேலிருந்து கீழ்நோக்கிப் படம் எடுத்தவரும் இவர்தான். தம்பிக்கு ஆவேசம் வந்துவிட்டது. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போனார்.

"எதுக்குடா என் காதை அளக்கறே?"

"பெர்த்தியோன் மெத்தட் பாட்டி. ஒருத்தர் காது மாதிரி இன்னொருத்தர் காது இருக்காது."

"வைரத்தோடு இருந்த காதுடா இது. உங்க தாத்தா அதை அடகு வச்சதையும் சேர்த்து எழுதிக்கோ."

அதை எழுதியிருந்தால் 'சான்று' என்ற தலைப்புக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைத்திருக்காது. தம்பி காதின் நீளத்தை மட்டும் எழுதிக்கொண்டார். இதே பெர்த்தியோன் 1894-இல் டிரெய்ஃபஸ் வழக்கில் கையெழுத்து நிபுணராக வந்து, டிரெய்ஃபஸ் எழுதாத கடிதத்தை அவர்தான் எழுதினார் என்று சொல்லி, ஒரு நிரபராதி தீவுச் சிறைக்குப் போகத் துணைநின்றார். அந்தப் பக்கம் தம்பியின் லேப்டாப்பில் இன்னும் லோட் ஆகவில்லை போலிருக்கிறது.

பொங்கல் கழிந்ததும் தம்பி வீஜீ ஆகிவிட்டார். ஆர்தர் ஃபெல்லிக் என்பது அவர் சொந்தப் பெயர். 1930-களிலும் 40-களிலும் நியூயார்க் நகரத்துக் கொலை, தீவிபத்து, கார் மோதல் எதுவானாலும் முதல் ஃப்ளாஷ் அவருடையதுதான். காரில் போலீஸ் வானொலி வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார். டிக்கியில் ஃப்ளாஷ் பல்புகளோடு டைப்ரைட்டரும் சுருட்டுப் பெட்டியும் இருக்கும். தம்பியிடம் கார் இல்லை. அப்பாவின் ஸ்கூட்டி இருந்தது. சுருட்டுக்குப் பதில் கடலைமிட்டாய். இரவு பதினொரு மணிக்குக் காவல் நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் நிஜமாகவே சிக்னலில் ஒரு லாரி ஆட்டோவை இடித்துவிட்டது. தம்பி போய்ச் சேருவதற்குள் சுற்றி நின்ற பேர் அத்தனையும் போனில் எடுத்து, அது எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து, தம்பியின் அம்மா பார்த்து, "லேட்டாகுது, வீட்டுக்கு வா. அங்கே ஏதோ ஆக்சிடென்ட்டாம்" என்று அவருக்கே போன் செய்துவிட்டார்.

தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார். தம்பி அவரிடம், போலீஸ் ஒயர்லெஸ்ஸைக் கேட்க வழி இருக்கிறதா என்று விசாரித்தார்.

"லைசென்ஸ் இல்லாம அந்த செட்டை வச்சிருந்தேன்னு வை, உன்னையே முதல்ல போட்டோ எடுப்பாங்க தம்பி. நேரா ஒண்ணு, சைடுல ஒண்ணு."

அந்தச் சாயங்காலம் அவர் ஒரு மணிநேரம் பேசினார். அந்தக் காலத்தில் பிணம் கிடக்கும் இடத்துக்குப் பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோக்காரரைத்தான் கூட்டிப்போவார்களாம். காலையில் கல்யாணம் எடுத்த அதே கேமரா. முதலில் தூரத்திலிருந்து ஒன்று, பிறகு கிட்டே ஒன்று, பிறகு காயத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒன்று, ஸ்கேலை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்று. பிரிண்ட்டோடு நெகட்டிவும் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஸ்டுடியோக்காரரும் கூண்டேறி, "நான்தான் எடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். இப்போது டிஜிட்டல் ஆகிவிட்டதால் பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "சாக்பீஸால ஆள் உருவம் வரையறதெல்லாம் சினிமாவுல" என்று முடித்தார். தம்பி மரியாதையாகக் கேட்டுவிட்டு, மேலே வந்து மூட் போர்டில் சாக்பீஸ் உருவம் ஒன்றை ஒட்டினார்.

பிப்ரவரியில் அவருக்கு விடுதலை கிடைத்தது. லாரி சுல்தான், மைக் மேண்டல் என்று கலிஃபோர்னியாக்காரர்கள் இரண்டு பேர் 1977-இல் 'எவிடன்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். 59 படங்கள். அவற்றில் ஒன்றுகூட அவர்கள் எடுத்ததில்லை! அரசு அலுவலகங்கள், கம்பெனிகள், ஆய்வுக்கூடங்கள், போலீஸ், தீயணைப்புத் துறை என்று ஏறி இறங்கி, அங்கே பீரோவில் கிடந்தவற்றில் பொறுக்கியவை. எந்தப் படத்துக்கும் கீழே ஒரு வரி விளக்கம் கிடையாது. விண்வெளி உடையில் ஒருவர் அலுவலகக் கம்பளத்தில் குப்புறக் கிடக்கிறார். ஏன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டார்கள். ஒரு காரியத்துக்காக எடுத்த படத்தை அந்தக் காரியத்திலிருந்து பிடுங்கி வைத்தால் சாட்சியம் எப்படிப் பித்துப் பிடித்துப் போகிறது என்று காட்டுகிற அருமையான புத்தகம் அது. தம்பிக்கு அதில் பிடித்தது வேறு. "அங்கிள், படமே எடுக்க வேண்டாம்!"

அந்த இரண்டு பேர் லட்சக்கணக்கில் படம் புரட்டித்தான் அந்த 59-ஐ எடுத்தார்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. மறுநாளே ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனார். நான் அங்கே வேறு வேலையாகப் போயிருந்ததால் இதை நேரில் பார்த்தேன்.

"பழைய ஃபைல்ல இருக்கிற போட்டோவெல்லாம் பார்க்கணும் சார்."

"எதுக்கு?"

"இன்ஸ்பிரேஷனுக்கு சார்."

உதவியாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, தம்பியைப் பார்த்து, பக்கத்து மேசைக்குத் திரும்பினார். "சார், இன்ஸ்பிரேஷன் எந்த செக்‌ஷன்ல வருது?"

"பட்டாவா, வாரிசா?" என்றது பக்கத்து மேசை.

தம்பி மனு எழுதிக் கொடுத்தார். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மார்ச்சில் கைடு கூப்பிட்டு, நம் பக்கத்து ஆள் ஒருவரையாவது சேர்க்கச் சொன்னார். பின்ட்ரஸ்ட் அங்கே கைவிரித்ததால், பாவம், புத்தகம் தேட வேண்டியதாயிற்று. கிடைத்தவர் லின்னேயஸ் ட்ரைப், மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடிக்கும் அதிகமான நீளத்தில் ஒரே படமாக்கியவர். வெயிலில் கேமராவைத் தூக்கித் தூக்கி வைத்து, எழுத்து விடாமல் எடுத்த படம் அது. புகைப்படச் சான்று என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் அதே ட்ரைப், வானம் வெறிச்சென்று வெளுத்து விழுகிறதே என்று நெகட்டிவில் மேகங்களைக் கையாலேயே தீட்டி வைப்பார். தம்பி மேகத்தைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிருந்துதான் ஆராய்ச்சி சூடு பிடித்தது. 1855-இல் கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் ஒரே பாதையை இரண்டு தடவை எடுத்திருக்கிறார்: ஒன்றில் பாதை காலி, இன்னொன்றில் பாதையெல்லாம் பீரங்கிக் குண்டுகள். குண்டுகளைப் பாதைக்குக் கொண்டுவந்தது யார் என்று சினிமா இயக்குநர் எரல் மோரிஸ் கிரிமியாவுக்கே போய்த் துப்புத் துலக்கினார். சரிவில் சிறு கற்கள் கீழே நகர்ந்திருப்பதை வைத்து, காலிப் பாதைதான் முதலில் எடுத்தது என்று முடிவுக்கு வந்தார். 1863-இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் ஒரு வீரனின் உடலைச் சுமார் 40 கெஜம் தூக்கிப்போய், பாறைகளுக்கு நடுவே கிடத்தி, பக்கத்தில் துப்பாக்கியைச் சாத்தி எடுத்தார். நம் வீஜீகூட, 1943-இல் நகை மின்ன ஆப்பராவுக்கு வந்த சீமாட்டிகளை ஒரு குடிகாரப் பெண்மணி முறைத்துப் பார்க்கும் புகழ்பெற்ற படத்துக்கு, அந்தப் பெண்மணியை உதவியாளரை விட்டுக் கூட்டிவரச் செய்தார்.

"எல்லாரும் செட் பண்ணித்தான் எடுத்திருக்காங்க அங்கிள்!" என்று தம்பி கூவியபோது அவர் முகத்தில் ஞானம் பெற்ற களை இருந்தது.

இன்னொருவரையும் அவர் பட்டியலில் சேர்த்தார்: மதராஸ் படையில் இருந்த ஹூப்பர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக நின்றவர்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்துப் படம் எடுத்தவர். பிறகு 1886-இல் மண்டலேயில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் கணத்தை எடுக்க, கேமரா தயாராகும் நேரத்துக்கு உத்தரவைப் பொருத்தினார் என்று குற்றச்சாட்டு எழுந்து, விசாரணை நடந்து, கண்டனத்துக்கு ஆளானவர். பஞ்சப் படத்தை ஒட்டிய பக்கத்தில், ஓரமாக, தம்பியின் கையெழுத்தில் 'சூப்பர் காம்பொசிஷன்' என்று இருந்தது. அந்தப் பிள்ளை செய்ததில் எனக்குச் சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான்.

வைவாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது வீடு பட்டறை ஆயிற்று. பத்துப் படமும் ஒரே பிற்பகலில் எடுத்தாகிவிட்டது: உடைந்த டம்ளர், அப்பாவின் வேட்டியில் குங்குமத் தண்ணீர், பாட்டியின் காது. அதன் பிறகுதான் உண்மையான உழைப்பு. எடுத்து முடித்த படத்தைப் பார்த்து ரஃப் ஸ்கெட்ச் போட்டார். போட்டதை ரப்பரால் அழித்தார். அழித்த தடம் தெரியும்படி விட்டு, மேலே 'இன்னும் சரியா வரலை, 12 டிசம்பர்' என்று எழுதினார். டிசம்பருக்கு நீலப் பேனா, ஜனவரிக்குக் கறுப்பு, பிப்ரவரிக்கு ஜெல். பக்கங்களில் டீ டிகாக்‌ஷனைத் தெளித்து ஃபேனுக்கு அடியில் காயவைத்தார். கேமராவின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, 'ஆரம்ப முயற்சிகள்' என்று சில சுமாரான படங்களும் எடுத்தார். நல்ல படம் தற்செயலாக வந்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி சுமாராக எடுத்தார். எஸ்.ஐ. வந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் சர்வீஸ்ல இவ்வளவு பொறுமையான ஃபோர்ஜரி நான் பார்த்ததில்லை" என்று மனதாரச் சொன்னார்.

ஒன்றே ஒன்று தப்பிவிட்டது. டிசம்பர் 12 என்று போட்ட 'ஆரம்ப முயற்சி'யில் பாட்டிக்குப் பின்னால் சுவரில் தினசரிக் காலண்டர். பாட்டி பல் விளக்கியதும் தாளைக் கிழித்துவிடுகிற ஆள். பங்குனி மாதம், ராகுகாலம் எமகண்டத்தோடு பளிச்சென்று தெரிகிறது.

எக்ஸ்டர்னலாக வந்தவர் அதில் விரலை வைத்தார். "இது என்னப்பா?"

தம்பி கண் இமைக்கவில்லை. "அது கான்செப்ட் சார். சான்றுக்குள்ள இருக்கிற பொய்யை வியூவரே கண்டுபிடிக்கணும். ஃபென்டன் பீரங்கிக் குண்டு மாதிரி, என்னோடது காலண்டர்."

'ஓ' கிரேடு.

இப்போது அவர் கல்யாணங்களுக்குக் கேண்டிட் எடுக்கிறார். கேண்டிட் என்றால், மணப்பெண் தானாகச் சிரித்ததைத் தவறவிட்டுவிட்டு, "அக்கா, அதே மாதிரி இன்னொரு தடவை யாரும் பார்க்காத மாதிரி சிரிங்க" என்று கேட்டு எடுப்பது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணீர் துடைத்ததுகூட மூன்றாவது டேக்கில் ஓகே ஆனது என்று கேள்வி. படங்கள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரைப் பேசினால் ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். தாலி கட்டும்போது பெண், மாப்பிள்ளை, தாலி மூன்றும் தெரியும்படி நேராக ஒரே ஒரு படம் வேண்டும். அவர் கொடுக்கும் ஆல்பத்தில் பாதி முகம், மருதாணிக் கை, மங்கலான குத்துவிளக்கு என்று நிறைய இருக்கும். திருமணப் பதிவுக்குப் போகிற இடத்தில் கல்யாணப் போட்டோ கேட்டால், குத்துவிளக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.