மலிவிசைத் தொகையியல்: சூத்திரமும் உரையும்

பாயிரம்

பல்லி விழும் பலனுக்கும் குதிரைச் சுழிக்கும் சாத்திரம் செய்து வைத்த தமிழில், பழைய பேப்பர் கடையில் பாட்டுக் கேசட் பொறுக்குவதற்கு ஒரு நூல் இல்லாமல் போனது பெருங்குறை. அக்குறை தீர எழுந்தது இது.

பாயிரம் என்றால் எட்டுச் செய்தி சொல்ல வேண்டும் என்பது நன்னூல் விதி. எட்டும் சொன்னால் நூலுக்கு இடமிருக்காது. வேண்டியதை மட்டும் சொல்வோம். எல்லை: வடக்கே தராசு, தெற்கே அட்டைப்பெட்டிக் கட்டு, கிழக்கே சாக்கடை, மேற்கே கடைக்கார அண்ணாச்சியின் ஸ்டூல். கேட்போர்: டேப் ரெக்கார்டர் வைத்திருப்போர், ரிப்பேரான டேப் ரெக்கார்டர் வைத்திருப்போரும் அடங்குவர், உண்மையில் அவர்களே பெரும்பான்மை. பயன்: விசாரணையில் உள்ளது.

முன்னோர் கூற்றையும் ஓரளவு பார்த்துவிட வேண்டும். சென்னையில் இத்துறை மூத்தோர் எவரும் மூர் மார்க்கெட்டிலிருந்தே தொடங்குவர். 1900-இல் திறக்கப்பட்டு, 1985-இல் தீக்கிரையாகி, இன்று சென்ட்ரலை ஒட்டிப் புறநகர் ரயில் நிலையக் கட்டிடம் நிற்கும் அந்த இடத்தில் கிடைக்காத கிராமபோன் பிளேட்டே கிடையாது என்பது ஐதீகம். கிட்டப்பாவை எட்டணாவுக்கு வாங்கினேன் என்பார் ஒருவர். நான் ஆறணாவுக்கு என்பார் பக்கத்தில் இருப்பவர். பிளேட்டைக் காட்டுங்கள் என்றால் இரவல் போனது திரும்பவில்லை. கடையைக் காட்டுங்கள் என்றால் கடையே எரிந்துவிட்டது. சாட்சி, தடயம் இரண்டும் இல்லாத களத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆகவே அக்கூற்றுகளை மறுக்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை. தீக்குப்பின் அல்லிக்குளத்துக்குப் போன கடைகளைப் பற்றியும் இதே கதைதான், விலை மட்டும் ரூபாயில்.

சூத்திரம் 1

மலிவெனப் படுவது விலைகுறை வன்று;
பிறர்கை விட்டது பெற்றபே ராகும்.

என் நுதலிற்றோ எனின், மலிவின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று.

ஒரு பொருள் மலிவாவது யாரோ விலையைக் குறைத்ததால் அன்று. இருந்த வீட்டில் அதற்கு இடம் போனதால். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கேசட்டைக் கொண்டுவந்தது. 1982-இல் சிடி விற்பனைக்கு வந்தது. அப்புறம் பென் டிரைவ், அப்புறம் கைபேசி. வீட்டுக்குப் புதுப் பெட்டி வரும்போதெல்லாம் பழையது பரணேறும். வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்கி அண்ணாச்சி கடைக்கு நடக்கும். ஆகையால் மலிவாகச் சேர்த்த தொகுப்பைச் சேர்த்தவனின் ரசனை என்று புகழ்வது பிழை. அவன் பேட்டை எதையெதை வேண்டாம் என்றது என்பதற்கான பதிவேடு அது. கீழடி போல அடுக்கடுக்காகத் தோண்டிக் காலம் கணிக்கலாமே என்று கேட்கக்கூடும். அண்ணாச்சி அவ்வப்போது மண்வெட்டியால் குவியலைப் புரட்டி விடுவதால் அம்முறை இங்கே செல்லாது.

கடையின் பொருளாதாரம் பற்றி ஒரு சொல். கேசட்டின் கூடு பிளாஸ்டிக் கணக்கில் சேரும்; உள்ளிருக்கும் நாடா எந்தக் கணக்கிலும் சேராது. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 130 மீட்டர் நாடா உண்டு. கடைப் பையன் அத்தனையையும் உருவி எறிந்துவிட்டுத்தான் கூட்டை எடைக்குப் போடுவான். செம்மங்குடியும் இளையராஜாவும் அந்தப் பழுப்புச் சுருளில் ஒன்றாகக் கிடப்பார்கள். பாட்டைக் கழித்த பிறகே அங்கே பொருளுக்கு விலை.

சூத்திரம் 2

கேட்டது தேயும், கேளா திருந்தது
வாட்டம் இன்றி வந்துகை சேரும்.

இது இந்நூலின் உயிர்நிலை. மற்றவை போனாலும் இது ஒன்று இருந்தால் போதும்.

சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோனில் எஃகு ஊசி. ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. சிக்கனமான வீடுகளில் ஒரே ஊசி ஒரு கல்யாணம் முழுக்க உழைத்தது. விளைவைக் குவியலிலேயே காணலாம்: ஊரே கேட்ட பிளேட்டு வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கும், கருகருவென்று மின்னுவது யாரும் இரண்டாம் முறை வைக்காதது. கேசட்டுக்கும் இதுவே நியாயம். பிடித்த கேசட்டை இயந்திரம் தின்றது. பென்சில் செருகிச் சுற்றினார்கள், அறுந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டினார்கள், மறுபடி தின்றது. கடைசியில் நல்ல உடம்போடு கடைக்கு வந்து சேர்வது ஆங்கிலம் பேசப் பயிற்றும் கேசட், தியானத்துக்கான புல்லாங்குழல், ஏதோ கம்பெனி வெள்ளி விழாவில் இலவசமாகக் கொடுத்த வாழ்த்துப்பா.

அங்ஙனமாயின், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் தினமும் காலையில் ஒலித்ததாயிற்றே, அது எல்லாக் குவியலிலும் கிடப்பது எவ்வாறு எனின், அது வீட்டுக்கு ஒன்று அன்று. தேய்ந்தது போக, கொலுவுக்கு வந்தவர் கொடுத்தது ஒன்று, பழனி போனவர் வாங்கி வந்தது ஒன்று, முன்னது தொலைந்ததாக எண்ணி வாங்கியது ஒன்று. குவியலில் இருப்பவை இந்த உபரிகளே.

‘விதி’ (1984) படத்தின் வசன கேசட்டோ எனின், அது டீக்கடைதோறும் கல்யாண வீடுதோறும் ஒலிபெருக்கியில் முழங்கியது. நம் சூத்திரப்படி ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் இன்றும் கைக்குக் கை தட்டுப்படுகிறது. எத்தனை போட்டார்களோ! இது விதிக்கு ‘விதி’ விலக்கு எனக் கொண்டு மேலே செல்க.

இச்சூத்திரத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இதுவரை யாரும் கையாண்டதாகத் தெரியாததால் அதற்கு ‘நின்ற இடத்து ஆராய்ச்சி’ என நாமே பெயரிடுகிறோம். கேசட் கையில் வந்ததும் சுற்றிவிடக் கூடாது. கடைசியாகக் கேட்டவர் எந்த இடத்தில் பட்டனைத் தட்டினாரோ அந்த இடத்திலேயே நாடா நிற்கும். ஆங்கிலப் பாடம் பெரும்பாலும் இரண்டாம் பாடத்தின் வாசலில் நின்றிருக்கும். கதாகாலட்சேபம் கடவுள் வாழ்த்து முடிந்த கையோடு நிற்கும். சினிமாப் பாட்டில்தான் வேடிக்கை. இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டின் தொடக்கத்தில் வந்து நிற்கும் கேசட்டைப் போட்டுப் பாருங்கள்: அந்த ஒரு பாட்டு மட்டும் மங்கி, நசுங்கி, தண்ணீருக்குள்ளிருந்து வரும், முன்பின் பாட்டுகள் பளிச்சென்று இருக்கும். அதை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். காரணம் ஆராய்வது இந்நூலின் எல்லைக்குப் புறம்பு.

சூத்திரம் 3

கண்மலர் வடக்கிக் கைபிறி தொன்றன்மேல்
வைத்தோன் பெறுவான் வேண்டிய பொருளே.

பேரத்தின் இலக்கணம். வேண்டியதைக் கண்டதும் கண்ணை விரிக்கலாகாது. வேண்டாத ஒன்றின்மேல் கையை வைத்து விலை கேட்க வேண்டும் என்பது கருத்து. இச்சூத்திரம் நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதற்குக் களத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு:

“அண்ணாச்சி, இந்த இஸ்திரிப் பெட்டி என்ன விலை?”

“அது ஓடாது சார். கேசட்டுதான வேணும்? கேளுங்க.”

“சும்மா பாத்தேன். இதெல்லாம் எவ்வளவு?”

“பாத்துக் குடுங்க.”

‘பாத்துக் குடுங்க’ என்பதற்கு எதிர்மருந்தைப் பேரநூலார் எவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. விலையை நீயே சொல் என்கிறார். குறைத்துச் சொன்னால் அற்பன், கூட்டிச் சொன்னால் ஏமாளி. இரண்டுக்கும் நடுவே ஒரு தொகை இருப்பதாகச் சிலர் கூறுவர். நாம் கண்டதில்லை.

ரெக்கார்டு விஷயத்தில் இப்போது நிலைமை மோசம். அண்ணாச்சியின் பேரன் கைபேசியில் எதையோ பார்த்துச் சொன்னதிலிருந்து, எல்.பி. எடுத்தால் அவர் முதலில் கேட்பது “நாய் இருக்கா?” என்பதே. குழலின் முன் காது சாய்த்து உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. நாய். பிரான்சிஸ் பேரட் என்ற ஆங்கில ஓவியர் வரைந்தது. நாயின் பெயர் நிப்பர். கல்கத்தா டம்டம் ஆலையில் லட்சக்கணக்கில் அச்சான நாய்; அது இருப்பதால் அருமையாகிவிடாது என்று அண்ணாச்சிக்கு விளக்க முயன்றவர்கள் உண்டு. நாய்க்கு அவர் தனி விலைதான் வைக்கிறார்.

உறைமாறாட்டம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1986-இல் வெளிவந்தது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’, தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாஹுக்கும் காணிக்கையாக்கியது. அதன் அட்டை, மடிப்புக் கலையாமல், ஒருநாள் குவியலின் மேலேயே கிடந்தது. மேற்படி சூத்திரப்படி கண்மலர்வை அடக்கி, ஓடாத இஸ்திரிப் பெட்டியோடு சேர்த்து விலை பேசி முடித்து, வீட்டில் வந்து திறந்தால் உள்ளே ஆங்கிலப் பாடம். இரண்டாம் பாடத்தின் வாசலில் நின்றிருந்தது.

சூத்திரம் 4

வெயிலினும் மதுவினும் விரலினும் காக்க
அரக்கிற் செய்த அருமைத் தட்டே.

பராமரிப்பு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய பிளேட்டு அரக்கால் ஆனது. வினைல் எல்.பி. 1948-இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டாலும், நம் ஊரில் அரக்குத் தட்டு 1960-களிலும் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் காய வைத்தால் அப்பளமாக வளையும். விரல் பட்டால் பிசுக்கு. ‘மதுவினும்’ என்றது, அரக்கு சாராயத்தில் கரையும் என்பது பற்றி. டேப் ரெக்கார்டரின் ஹெட் துடைக்கும் ஸ்பிரிட்டால் இதைத் துடைத்தால் பாடகரோடு சேர்த்துத் துடைத்துவிடலாம். மிதமான சோப்புத் தண்ணீர், நடுவிலுள்ள லேபிள் நனையாமல், போதும். ராமபாணப் பூச்சி தின்ற அட்டைக்கு வைத்தியம் இல்லை.

கேசட் வைத்தியம் விரிவானது. ஒன்று மட்டும் கூறுவோம். நாடாவுக்குப் பின்னால் ஹெட்டோடு அதை அழுத்திப் பிடிக்க நகக்கண் அளவு பஞ்சுத் துண்டு ஒன்று உண்டு. வயதானால் பசை விட்டு அது விழுந்துவிடும். பிறகு பாட்டு கேட்காது, மூச்சுதான் கேட்கும். வாங்குமுன் கேசட்டைத் திருப்பி அந்தப் பஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றாலும், கூட்டில் ஐந்து திருகாணி இருந்தால் வாங்கலாம்; திருகாணி இல்லாமல் ஒட்டிவிட்ட கூடென்றால் உடைக்காமல் திறக்க முடியாது. மாற்றுப் பஞ்சுக்கு எங்கே போவது எனின், ஆங்கிலப் பாடத்துக்கு. கேட்கப்படாத கேசட்டின் பஞ்சு புத்தம் புதிதாக இருக்கும். எங்கள் வீட்டில் இன்று சீர்காழி கோவிந்தராஜன் கணீரென்று பாடுவது ஏதோ ஒரு ஆங்கிலப் பாடத்தின் முதுகில்தான்.

சூத்திரம் 5

(சூத்திரம் செல்லரித்துப் போயிற்று. உரை மட்டும் கிடைத்தது.)

…என்றது, ரெக்கார்டிங் சென்டர் கேசட்டை. கடையில் விற்ற கேசட் கம்பெனியின் விருப்பம். தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டில் பதிவு செய்து வாங்கியது தனி ஒருவரின் விருப்பம். அண்ணாச்சி இதை மதிப்பதில்லை. நாயும் இல்லை, நடிகர் படமும் இல்லை. எனவே இதுவே மலிவினும் மலிவு. எமது துணிபில் தொகுப்பின் தலைமணி.

கையிலிருப்பதில் ஒன்றை விவரிப்போம். அறுபது நிமிட டி.டி.கே. அட்டையில் நீல மையால், படப்பெயர் அடைப்புக்குறிக்குள் வர, பன்னிரண்டு பாட்டு. ஆறாவது அடிக்கப்பட்டு, மேலே வேறு கையெழுத்தில் வேறு பாட்டு. கேட்டது சென்டரில் இல்லை போலும். நெடுநாள் சுற்றிய வாக்கிலேயே கிடந்ததால் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு பாட்டும் தொடங்குமுன், பக்கத்து வீட்டில் அதே பாட்டைப் போட்டதுபோல மெலிதாக ஒருமுறை தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் நாடா தீர்ந்துவிட்டது. அந்த வீட்டில் அந்தப் பாட்டு அவ்வளவுதான் என்றிருந்திருக்கும். அந்த இடம் வந்ததும் எல்லோரும் நிறுத்தியிருப்பார்கள்.

அட்டையே இல்லாத கேசட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. 1902-இல் கல்கத்தாவில் முதல்முதல் பிளேட்டு கொடுத்தவர்களில் ஒருவரான கௌஹர் ஜான், பாடி முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிடுவார். தட்டு ஜெர்மனியின் ஹனோவரில் அச்சானது. அங்கிருப்பவர்கள் எதில் எந்த லேபிள் ஒட்டுவது என்று திண்டாடாமல் இருக்க அந்த ஏற்பாடு. நம் வீட்டுப் பதிவாளர்கள் இதைக் கைக்கொண்டிருந்தால் ஆய்வுலகம் எவ்வளவோ பிழைத்திருக்கும். அவர்கள் கேசட்டின் முடிவில் கேட்பது குக்கர் விசிலும் “ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு” என்ற பெண்குரலும்தான்.

களப்பணிக்கு வருவோர் கவனத்துக்கு: ஆலை லாரி வெள்ளிக்கிழமை வரும். வியாழன் மாலையே சாக்கைத் தைத்துவிடுவார்கள். தைத்த சாக்கைப் பிரிக்கச் சொன்னால் அண்ணாச்சி தராசைக் காட்டி, “எடுக்கிறதா இருந்தா மூட்டையோட எடுங்க சார்” என்பார். அவ்வாறு மூட்டையோடு எடுத்த ஆய்வாளர் ஒருவரும் உளர். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் பெயர் இங்கே தவிர்க்கப்படுகிறது.